லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவில் ஆல்ட் விசையைத் தட்டினால் வந்த தேடல் மெனுவைப் போல இப்போது புதிதாக ஒன்று எழுத முடியுமா?

முடியும். நான் ஒருமுறை எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன், மூன்று மாதம் இழுத்தது. இன்றைக்கும் என் கணினியில் அது பாதி மென்பொருள்களோடுதான் ஒத்துப்போகிறது. இதில் நிரல் எழுதுவதை விடப் பெரிய தலைவலி வேறு ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தத் தேடல் மெனுவைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. 2012 ஜனவரியில் உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் ஹட் என்ற பெயரில் அதை அறிவித்தார். உபுண்டுவின் அப்போதைய திரைமுகப்பான யூனிட்டியில் ஓடும் மென்பொருள்களில் மெனுவின் இடத்தையே கடைசியில் இது பிடித்துவிடும் என்றார். அந்த ஏப்ரலில் வந்த உபுண்டு 12.04-இல் அது இருந்தது. ஆல்ட் விசையை ஒரு தட்டுத் தட்டினால் மேலே ஒரு பெட்டி திறக்கும். வேண்டியதை எழுத ஆரம்பித்தால், முன்னால் இருக்கும் மென்பொருளின் மெனுவிலிருந்து ஐந்து பொருத்தங்கள் வரும். படம் திருத்தும் மென்பொருளான ஜிம்ப்பில் ஃபில்டர்ஸ், அதற்குள் ப்ளர், அதற்குள் காஸியன் ப்ளர் என்று மவுஸை நழுவவிடாமல் இழுத்துக்கொண்டு போகிற வேலை, ‘gau’ என்ற மூன்று எழுத்திலும் ஒரு என்டரிலும் முடிந்துவிடும். பழகிய கைக்கு அது பெரிய சுகம்.

உள்ளே நடந்ததில் மாயம் எதுவும் இல்லை. யூனிட்டியில் மெனு பட்டை விண்டோவை விட்டு மேல் பேனலுக்கு ஏற்கெனவே போயிருந்தது. அதற்காக ஒவ்வொரு மென்பொருளும் தன் மெனுவை, மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் டிபஸ் வழியாக வெளியே கொடுத்துக்கொண்டிருந்தது. ஹட் அந்த மெனு மரத்தை வாங்கி, கிளைகளையெல்லாம் வரிவரியாக விரித்துப் போட்டு, நீங்கள் எழுதியதற்கும் ஒவ்வொரு வரிக்கும் எத்தனை எழுத்து வித்தியாசம் என்று லெவன்ஷ்டைன் முறையில் எண்ணியது. அடிக்கடி எடுப்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே தள்ளியது. அவ்வளவுதான்.

அவ்வளவுதானே என்றுதான் நானும் பைத்தான் நிரல்மொழியில் ஆரம்பித்தேன். விண்டோவின் எண்ணைக் கொடுத்தால் அதன் மெனு எங்கே இருக்கிறது என்று சொல்ல டிபஸில் ஒரு பதிவேடு உண்டு. அங்கே கேட்டு, மெனுவை முழுசாக வாங்கி, தேடல் பெட்டி காட்டும் ரோஃபி என்ற கருவியில் காட்டினேன். முதல் சோதனை ஒரு உரைத் தொகுப்பானில். ‘save as’ என்று எழுதினால் ஒன்றுமே வரவில்லை. கண் எதிரே மெனுவில் இருக்கிறது, தேடினால் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து, வந்த தரவை அப்படியே அச்சிட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது: அங்கே இருந்தது ‘Save _As’. ஆல்ட்டோடு எந்த எழுத்தை அழுத்த வேண்டும் என்று காட்டுவதற்கான அடிக்கோடு அது. திரையில் தெரியாது, தரவில் இருக்கும். அதை நீக்க ஒரே வரி போதும்.

அடுத்தது சோம்பேறி மெனுக்கள். சில மென்பொருள்கள் துணைமெனுவை முன்கூட்டியே நிரப்பி வைப்பதில்லை. ‘இதைத் திறக்கப் போகிறேன்’ என்று நாம் சொன்ன பிறகுதான் நிரப்பும். தேடும் முன் எல்லாக் கிளைகளுக்கும் அப்படிச் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் பெட்டி திறக்கவே நேரமாகிறது. சொல்லாவிட்டால் பாதி மெனு காலி. அப்புறம் வேலேண்ட், லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் புதிய முறை. ஒரு மென்பொருளின் விண்டோவை இன்னொன்று எட்டிப் பார்க்கக் கூடாது என்பதே அதன் கொள்கை, அதனால் அந்த விண்டோ எண் என்ற பிடியே கையில் இல்லை. என் நிரல் பழைய முறையான எக்ஸ் 11-ஐத் தாண்டாததற்குக் காரணம் இதுதான்.

ஹட் ஏன் போனது என்றால், யூனிட்டி போனது, அதோடு போனது. 2017 ஏப்ரலில் கைவிடுவதாக அறிவித்தார்கள், அக்டோபரில் வந்த 17.10-இல் அதன் இடத்துக்கு க்னோம் என்ற திரைமுகப்பு வந்துவிட்டது. க்னோம் மென்பொருள்களில் பெரும்பாலும் மெனு பட்டையே கிடையாது, இருப்பது மூன்று கோடு போட்ட ஒரு பொத்தான். தேட மெனு இல்லாத வீட்டில் மெனுத் தேடல் எதற்கு?

இனி அந்தத் தலைவலி. என் சித்தி மகன் ஃபிளெக்ஸ் பேனர் வடிவமைப்பவன். அவனிடம் ஹட்டைக் காட்டினேன். படத்தில் வெள்ளைப் பின்னணியை எடுக்க வேண்டும் என்று ‘background’ என்று எழுதினான். அவனுக்கு வேண்டியது வரவில்லை. ஜிம்ப்பில் அதன் பெயர் ‘கலர் டு ஆல்ஃபா’, அதாவது நிறத்தை ஒளிபுகும்படி ஆக்குவது. “ஆல்ஃபான்னா என்னண்ணே?” என்று கேட்டுவிட்டு, மெனுவைத் திறந்து வரிசையாகப் பார்த்துக் கண்டுபிடித்தான். பெயர் தெரிந்தவனுக்குத்தான் தேடல். பெயர் தெரியாதவன் மெனுவில் உலாவுகிறான், உலாவும்போது பெயரையும் கற்றுக்கொள்கிறான். மெனுவை எடுத்துவிட்டுத் தேடலை மட்டும் வைப்பது எனக்கு அப்போதும் சரியாகப் படவில்லை, இப்போதும் படவில்லை.

மேக்கில் 2007-லேயே ஹெல்ப் மெனுவில் தேடல் வந்துவிட்டது. அங்கே முடிவின் மேல் நின்றால், உரிய மெனு திறந்து, ஒரு அம்பு அந்த வரியைச் சுட்டிக்காட்டும். அடுத்த தடவை தேடாமலே கை அங்கே போகும். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு அது. ஜிம்ப் 2.10-இல் சாய்கோட்டு விசையை அழுத்தினால் வரும் தேடல், பெயரோடு விளக்கக் குறிப்பையும் சேர்த்துத் தேடுகிறது. அதுவும் நல்ல வழி. அலுவலக மென்பொருளான லிப்ரேஆஃபீஸில் 7.2-லிருந்து ஷிஃப்ட் எஸ்கேப்பில் ஒரு தேடல் பெட்டி உண்டு.

தமிழ் இடைமுகம் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு. மெனுவில் ‘ஒட்டு’ என்று இருக்கும், நம் வாயில் ‘பேஸ்ட்’ என்றுதான் வரும். ஒரு மென்பொருளில் ‘தேடு’, இன்னொன்றில் ‘கண்டுபிடி’. எழுத்து வித்தியாசம் எண்ணும் முறையும் நமக்குக் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டும்: ‘கோப்பு’ நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, யூனிகோடுக்கு ஆறு. ‘உரையைத் தேடு’ என்பதில் ‘த்’ என்ற ஒற்றை விட்டுவிட்டால் இரண்டு பிழை என்று கணக்கு. என் நிரலில் முழு எழுத்துகளாகப் பிரித்து எண்ணினேன், முடிவுகள் கண்ணுக்குத் தெரியும்படி தேறின. மெனுப் பெயர்களுக்கு மாற்றுச் சொல் பட்டியல் ஒன்றும் வைத்தேன்: ஒட்டு, பேஸ்ட்; சேமி, சேவ். மூன்று மாதத்தில் இரண்டு மாதம் அந்தப் பட்டியலுக்கே போனது.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் உபுண்டுவின் இன்னொரு பதிப்பான உபுண்டு மாத்தேயில் உள்ள ஹட்டின் நிரலை முதலில் படியுங்கள். அதுவும் பைத்தானும் ரோஃபியும்தான், என்னுடையதை விட ஒழுங்காக எழுதப்பட்டது. பழைய ஹட்டே வேண்டுமென்றால் உபுண்டு யூனிட்டி பதிப்பைப் போட்டுப் பாருங்கள். விசையை மட்டும் ஆல்ட்டில் வைக்காதீர்கள், ஆல்ட்டை வேறு எதற்கோ அழுத்தும்போதெல்லாம் பெட்டி குறுக்கே வந்து நிற்கும்.