நித்திரையால் எழும்பியதும் பிள்ளை திடுக்கிடுகிறான், டொக்டர்

கேள்வி: என் மகனுக்கு ஆறரை மாதம். இரண்டு கிழமையாக, நித்திரையால் எழும்பியவுடன் இரண்டு கையையும் விரித்து, தலையைக் குனிந்து திடுக்கிடுகிறான். ஒரு நொடிதான். ஆனால் விட்டுவிட்டுப் பத்துப் பதினைந்து தரம் வரும், கடைசியில் அழுவான். மாமி வயிற்றுக்குத்து என்று ஓமத்தண்ணீர் கொடுக்கிறார். முன்பு முகம் பார்த்துச் சிரித்தவன் இப்போது சிரிப்பதில்லை. ஆறாம் மாத ஊசிதான் காரணமா? – ஒரு தாய், வெள்ளவத்தை.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது 'இப்போது சிரிப்பதில்லை' என்பதுதான். நாளைக் காலையே மகனைப் பொரளை சீமாட்டி சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்க வேண்டாம்.

பிள்ளையைப் பார்க்காமல் இதுதான் நோய் என்று நான் சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதியது 'இன்ஃபன்டைல் ஸ்பாசம்' என்ற கைக்குழந்தை வலிப்புக்கு அப்படியே பொருந்துகிறது. வலிப்பென்றால் நுரை தள்ளி உடம்பு முழுக்க இழுக்கும் என்றுதான் நம் ஆட்கள் நினைக்கிறார்கள். இது அப்படி வராது. வயிற்றுக்குத்து என்றால் பிள்ளை நெளிவான், காலை மடக்குவான், அழுதுகொண்டே இருப்பான். இதில் ஒரே மாதிரியான வெட்டு, அதாவது நீங்கள் சொன்ன அந்தத் திடுக்கிடல், சில நொடிக்கு ஒருமுறை, வரிசையாக வரும். பெரும்பாலும் நித்திரை கலையும் நேரத்தில். வெட்டு வராத நேரத்திலும் மூளையின் மின்னோட்டம் குழம்பித்தான் கிடக்கும். பழகிய சிரிப்பைப் பிள்ளை மறப்பது அதனால்தான்.

1841இல் வில்லியம் வெஸ்ட் என்ற ஆங்கிலேய வைத்தியர், தன் சொந்த மகனுக்கு வந்த இதே வெட்டைப் பற்றி லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். சலாம் போடுவதுபோல் குனிவதால் 'சலாம் வலிப்பு' என்ற பெயரும் இதற்கு உண்டு. அந்தத் தகப்பன் செய்து பார்த்த எந்த வைத்தியமும் பலிக்கவில்லை.

இன்று மருந்து இருக்கிறது. அதில் நம் கொழும்புக்கும் பங்கு உண்டு. ஏ.சி.டி.எச். என்ற ஹோர்மோன் ஊசி பல காலமாக இதற்குப் பாவனையில் இருக்கிறது. தசையில் போட வேண்டும், விலையும் கூட. கொழும்புப் பல்கலைக்கழகக் குழந்தை நரம்பியல் பேராசிரியர் ஜிதாங்கி வணிகசிங்கவின் குழு, 97 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு அந்த ஊசியும் மறுபகுதிக்குப் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசையும் கொடுத்து ஒப்பிட்டது. 2015இல் முடிவு வெளியானது. வெட்டை நிறுத்துவதில் குளிசைதான் முந்தியது. எந்த ஃபார்மசியிலும் கிடைக்கிற மலிவான குளிசை! எத்தனை ஏழைத் தாய்மாருக்கு இது பெரிய விஷயம் என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

உங்கள் மகனுக்கு எது பொருந்தும் என்பதை அங்குள்ள வைத்தியர் முடிவு செய்வார். தோலில் வெள்ளைத் திட்டுகள் இருந்தால் கட்டாயம் காட்டுங்கள். அவை டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயின் அடையாளமாக இருக்கலாம், அதற்கு விகபாட்ரின் என்ற வேறு மருந்து நன்றாக வேலை செய்யும். எந்த மருந்தானாலும், அதைத் தொடங்கத் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் பிள்ளையின் வளர்ச்சி பின்தங்கும் ஆபத்து கூடும். அதனால்தான் நாளைக்கே போகச் சொல்கிறேன்.

இன்றிரவே ஒரு வேலை செய்யுங்கள். மகன் எழும்பும் நேரத்தில் போனைத் தயாராக வைத்து வெட்டை வீடியோ எடுங்கள், முகமும் கையும் தெரிய வேண்டும். வைத்தியர் முன்னால் பிள்ளை சமர்த்தாகப் படுத்திருப்பான், பிறகு யாரும் உங்களை நம்பமாட்டார்கள். அப்புறம், தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் ஈ.ஈ.ஜி. பரிசோதனை எடுக்கும்போது எண்ணெய்த் தலையில் வயர் ஒட்டாது. பிள்ளை நித்திரையாக இருக்கும்போது எடுத்தால்தான் குழப்பம் தெளிவாகத் தெரியும், எனவே போகும் வழியில் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசி காரணமல்ல. இந்த வலிப்பு தொடங்கும் வயதும் 2, 4, 6ஆம் மாத ஊசி போடும் வயதும் ஒன்றாக விழுகின்றன, அவ்வளவுதான். ஆனால் பிரெட்னிசலோன் தொடங்கினால், 9ஆம் மாத எம்.எம்.ஆர். ஊசிக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள், அதைத் தள்ளிப்போட வேண்டிவரலாம். குளிசை குடிக்கும் பிள்ளைக்கு முகம் ஊதும், பசி கூடும், சிணுங்குவான். பயந்து நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து.

இடையில் வெட்டு விடாமல் 5 நிமிடம் நீடித்தாலோ, உதடு நீலமானாலோ 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும். மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். எத்தனை தரம் வந்தது, எப்போது தொடங்கியது என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.