கூரைப் பழுதுக்கு வந்த சர்வீஸ் சார்ஜ் பில்

வணக்கம். லண்டன் ஹாரோவில் உங்கள் லீஸ்ஹோல்ட் பிளாட்டுக்கு (நீண்ட காலக் குத்தகையில் இருக்கும் வீடு), கட்டட உரிமையாளரிடமிருந்து "கூரைப் பழுது" என்ற ஒற்றை வரியோடு 1,900 பவுண்ட் சர்வீஸ் சார்ஜ் பில், அதாவது கட்டடப் பராமரிப்புச் செலவில் உங்கள் பங்குக்கான பில், வந்ததாகச் சொன்னீர்கள்.

முதலில் லீஸ் பத்திரத்தை எடுங்கள். கூரைச் செலவு அதில் இருக்கிறதா, உங்கள் பங்கு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். என் பில்லில் 8.5க்குப் பதில் 9.5 சதவீதம் போட்டிருந்தார்கள். இரண்டு வருடம் நான் கவனிக்கவே இல்லை.

அப்புறம், ஒரு பழுதுவேலைக்கு ஒரு பிளாட்டின் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால், 1985ஆம் ஆண்டின் லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி கட்டட உரிமையாளர் முன்கூட்டியே உங்களிடம் கருத்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயமும் அவருக்கு விலக்கு தரவில்லை என்றால் 250க்கு மேல் வாங்க முடியாது. உங்களுக்கு அந்தக் கடிதம் வந்ததா? பழைய தபாலையெல்லாம் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

செலவுக் கணக்கின் சுருக்கத்தை எழுத்தில் கேளுங்கள். அது கைக்கு வந்த 6 மாதத்துக்குள் ரசீதுகளையும் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

கோபத்தில் பணம் கட்டாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள், லீஸுக்கே ஆபத்தாகலாம். "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துக் கட்டிவிட்டு, தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்கு முன், லீஸ்ஹோல்ட் வீட்டுக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லும் லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸிடம் பேசுங்கள், இலவசம்தான்.