ட்யூப் லைட்டும் 24 ஃப்ரேமும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல குறும்படம் எடுக்கிறவங்க சந்தேகத்த எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்ததுல பாதிக்கு மேல "ஐம்பதாயிரத்துக்குள்ள எந்த கேமரா வாங்கலாம்"னுதான் இருக்கு. அதுக்கு இங்க பதில் சொல்லப்போறதில்ல, மாடல் மாறிக்கிட்டே இருக்கு, நான் எழுதி அச்சாகி வர்றதுக்குள்ள அது பழசாயிரும். மத்த கேள்விகள்ல இருந்து கொஞ்சம் எடுத்திருக்கேன்.

கிளாஸ்ரூம்ல ஒரு சீன் எடுத்தோம் சார். செகண்டுக்கு 30 ஃப்ரேம், ஷட்டர் திறந்திருக்கிற நேரம் 1/60 செகண்ட். லேப்டாப்ல போட்டுப் பாத்தா சுவத்துல கறுப்பா பட்டை பட்டையா ஓடுது. கேமரா ரிப்பேரா? (திண்டுக்கல் வாசகர்)

கேமராவுக்கு ஒண்ணும் ஆகல தம்பி. நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால ட்யூப் லைட் வெளிச்சம் செகண்டுக்கு 100 தடவ ஏறி இறங்கும், நம்ம கண்ணுக்கு அது தெரியாது ஆனா கேமரா புடிச்சிரும். ஷட்டர் 1/50 வச்சா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சரியா ரெண்டு துடிப்பு கிடைக்கும், 1/100 வச்சா ஒண்ணு. நீங்க வச்ச 1/60க்கு ஒண்ணரைக்கு மேல ரெண்டுக்குக் கீழன்னு அரைகுறையா கிடைக்கும், சென்சாரோ மேல இருந்து கீழ வரி வரியா படிக்குது, ஒரு வரிக்கு வெளிச்சம் ஜாஸ்தி, அடுத்த கொஞ்ச வரிக்கு கம்மி, அதுதான் பட்டை. 1/60ங்கறது 60 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடுற அமெரிக்கா மாதிரி ஊருக்கான செட்டிங். மெனுவுல என்.டி.எஸ்.சி.ன்னு (அமெரிக்கா பக்கத்து டி.வி. முறை) இருந்தா PAL-னு (நம்ம ஊரு டி.வி. முறை) மாத்துங்க, 25, 50 எல்லாம் அப்பதான் கண்ணுல படும்.

நானும் இதுல மாட்டியிருக்கேன். கல்யாண மண்டபத்து சமையக்கட்டுல ராத்திரி சீன், வாடகை கேமரா, முன்னாடி எடுத்தவர் என்.டி.எஸ்.சி.லயே விட்டிருக்காரு, நான் பாக்கவே இல்ல. அடுப்புப் புகையில அந்த உள்ளங்கை அளவு ஸ்கிரீன்ல என்ன தெரியும்? எடிட்டிங்ல உக்காந்தப்பதான் அண்டாவுக்குப் பின்னாடி இருந்த வெள்ளை டைல்ஸ் முழுக்க பட்டை ஓடுறது தெரிஞ்சுது. சில ஷாட்ட டீஃப்ளிக்கர்னு மினுக்கல கொறைக்கிற எஃபெக்ட் போட்டு தேத்தினோம், மீதிக்கு மண்டபம் காலியா இருக்கிற நாளா பாத்து காத்துக்கிடந்து திரும்ப எடுத்தோம். அதுல இருந்து எந்த லொக்கேஷன் போனாலும் மொதல்ல வெள்ளைச் சுவத்தப் பாத்து பத்து செகண்ட் எடுத்து, பெருசு பண்ணிப் பாத்துட்டுத்தான் மத்த வேலை. மலிவு எல்.இ.டி. பல்ப, அதுவும் டிம் பண்ணி வச்சத, சுத்தமா நம்ப முடியாது, சிலது துடிக்கிற வேகமே வேற.

இன்னொண்ணு, 30லயே எடுத்தாகணும்னு கட்டாயம் இருந்தா ஷட்டர மட்டும் 1/50க்கு கொண்டுவாங்க, பட்டை போயிரும்.

24ஆ 25ஆ? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. (நாகர்கோவில் வாசகர்)

ஊமைப்பட காலத்துல கையால சுத்தினாங்க, வேகம் ஆளுக்கு ஆள் மாறும், யாரும் பெருசா எடுத்துக்கல. 1920கள் கடைசில பேசும் படம் வந்ததும் சத்தம் ஏறி இறங்காம இருக்க ஒரே வேகம் தேவைப்பட்டுச்சு, 24 அப்படி நிலைச்சதுதான். 25 வந்தது டி.வி.ல இருந்து, 50 ஹெர்ட்ஸ்ல பாதி.

தியேட்டர், ஃபெஸ்டிவல்னு கனவு இருந்தா 24 எடுங்க. யூடியூப் மட்டும்னா 25 தாராளம். ஃப்ரேம் நேரத்துல பாதி நேரம் ஷட்டர் திறந்திருக்கணும்னு ஒரு பழைய கணக்கு உண்டு, 24க்கு அது 1/48, பக்கத்துல இருக்கிறது 1/50, நம்ம ட்யூப் லைட்டுக்கும் அதே 1/50தான் சரி. அமெரிக்காக்காரனுக்கு இல்லாத அதிர்ஷ்டம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நிறைய கேமராவுல 24ன்னு போட்டிருக்கிறது நெஜத்துல 23.976. தனியா எடுத்தா ஒண்ணும் ஆகாது, ஆனா ஒரு கேமரா அசல் 24, இன்னொண்ணு 23.976ன்னு ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஃப்ரேமுக்கு ஃப்ரேம் சேத்தீங்கன்னா 3.6 செகண்ட் தள்ளி நிக்கும். அதே மாதிரி 25ல எடுத்த 96 நிமிஷப் படத்த 24ல ஓடவிட்டா 100 நிமிஷம் ஆகும், குரலும் கொஞ்சம் கனத்துப்போகும், சவுண்ட தனியா சரி பண்ணணும்.

எல்லாத்தையும் 60ல எடுத்து வச்சுக்கிட்டு அப்புறம் தேவைப்பட்டா 24 ஆக்கிக்கலாமா? (கடலூர் வாசகர்)

வேணாம். 60ஐ 24ஆல வகுத்தா ரெண்டரை வருது, அரை ஃப்ரேம எங்க போய் எடுப்பீங்க? கேமரா பக்கவாட்டுல திரும்பும்போது தத்தித் தத்திப் போகும். ஸ்லோ மோஷன் வேணும்ங்கற ஷாட்ட மட்டும் 50ல எடுத்து 25 டைம்லைன்ல போடுங்க, பாதி வேகம். ட்யூப் லைட் கீழ செகண்டுக்கு 100 ஃப்ரேம் வரைக்கும் போகலாம், ஷட்டர் 1/100 இருக்கணும். 120க்குப் போனா ஒரு ஃப்ரேமுக்கு ஒரு முழுத் துடிப்புகூட கிடைக்காது, ஷட்டர என்ன திருகினாலும் மினுக்கும், வெயிலுக்கு வந்துருங்க.

ஃபோன்ல வீடியோ, ரெக்கார்டர்ல வசனம். ஆரம்பத்துல உதடு ஒட்டுது, அஞ்சு நிமிஷத்துல விலகிருது. (சேலம் வாசகி)

நிறைய ஃபோன் கேமரா ஒரே வேகத்துல எடுக்காது. வெளிச்சம் குறைஞ்சா 30ன்னு போட்டிருந்தாலும் கமுக்கமா கீழ இறங்கிரும், வெளிச்சம் வந்தா ஏறிக்கும். பல எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு இது சரியா புடிபடாது. ஃப்ரேம் ரேட்ட லாக் பண்ற கேமரா ஆப் போட்டு எடுங்க. எடுத்து முடிச்சத ஹேண்ட்பிரேக்ங்கற வீடியோ மாத்தற சாஃப்ட்வேர்ல போட்டு, அது இலவசம்தான், கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்னு டிக் பண்ணி மாத்திட்டு அப்புறம் டைம்லைனுக்கு கொண்டுவாங்க. ரெக்கார்டர்ல சவுண்ட் சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ் இருக்கான்னும் பாத்துக்கங்க. க்ளாப் போர்டு இல்லன்னா ஃபோனுக்கு முன்னாடி ஒரு கை தட்டுங்க, தேடுற வேலை மிச்சம்.

எம்.பி.4 நல்லதா எம்.ஓ.வி. நல்லதா? 4கே ஃபைல் போட்டா என் லேப்டாப் மூச்சு வாங்குது. (தஞ்சாவூர் வாசகர்)

ரெண்டும் தூக்குச்சட்டி. உள்ள சாம்பாரா ரசமாங்கறதுதான் விஷயம், அந்த உள்ள இருக்கிறதுக்குப் பேருதான் கோடெக். எச்.264, எச்.265 எல்லாம் இடத்த மிச்சம் பண்றதுக்காக எப்பயாவது ஒரு ஃப்ரேம முழுசா வச்சுக்கும், நடுவுல உள்ளதுக்கு "முன்ன பின்ன இருக்கிற ஃப்ரேம்ல இருந்து என்ன மாறிச்சு"ன்னு மட்டும் குறிச்சு வச்சுக்கும். நீங்க நடுவுல ஒரு ஃப்ரேம்ல கட் பண்ண நின்னா லேப்டாப் பாவம் அந்த முழு ஃப்ரேமுக்குப் போய் அங்க இருந்து கணக்குப் போட்டுக்கிட்டே வரணும், ஃபேன் ஏன் அப்படி கத்துதுன்னு இப்ப புரியுதா? ப்ரோரெஸ்னு இன்னொரு கோடெக், அதுல ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியா முழுசா இருக்கும், எடிட்டிங் வழுக்கிக்கிட்டுப் போகும், ஆனா ஹார்ட் டிஸ்க்க தின்னுரும். 4கே யு.எச்.டி., 25 ஃப்ரேம், ப்ரோரெஸ் 422 எச்.க்யூ.ல ஒரு மணி நேரத்துக்கு சுமாரா 330 ஜி.பி., அதே ஒரு மணி நேரம் 100 மெகாபிட் எச்.264ல 45 ஜி.பி.தான்.

உங்களுக்கு வேண்டியது ப்ராக்ஸி. ஒவ்வொரு ஃபைலுக்கும் சின்ன சைஸ்ல ஒரு நகல் பண்ணி அதுல கட் பண்ணிட்டு கடைசில ஒரிஜினலுக்கு மாறிக்கறது, டாவின்சி ரிசால்வ்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேரோட இலவச வெர்ஷன்லயே இந்த வசதி இருக்கு. சிலர் எச்.264 ஃபைல ப்ரோரெஸ்ஸா மாத்திட்டா படம் தெளிவாயிரும்னு நினைக்கிறாங்க. தண்ணி கலந்த பால பெரிய குண்டான்ல ஊத்தினா கெட்டியாகுமா?

8 பிட்டா 10 பிட்டாங்கறதுதான் இதவிட முக்கியம். 8 பிட்ல ஒரு கலருக்கு 256 படி, 10 பிட்ல 1024. 8 பிட்ல லாக் (அப்புறம் கலர் பண்ண தோதா வெளிறினாப்பல பதியற ப்ரொஃபைல்) எடுத்து கலர் கரெக்‌ஷன்ல இழுத்தீங்கன்னா சாயங்கால வானம் மாடிப்படி மாதிரி பட்டை பட்டையா நிக்கும். 8 பிட் மட்டும்தான் இருக்குன்னா லாக்க மறந்துட்டு நார்மல் ப்ரொஃபைல்லயே நல்லா எக்ஸ்போஸ் பண்ணுங்க.

எல்லாரும் சொன்னாங்கன்னு 50 எம்.எம். எஃப் 1.8 வாங்கினேன். எங்க வீட்டு ரூம்ல ரெண்டு பேர ஒரு ஃப்ரேம்ல வைக்க முடியல சார். (மதுரை வாசகர்)

சொன்னவங்க ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சார் கேமரா கணக்குல சொல்லியிருப்பாங்க. உங்க கேமரா ஏ.பி.எஸ்.சி.ங்கற சின்ன சென்சார் வகை, சென்சார் அகலம் சுமார் 23.5 எம்.எம்., அதுல 50 போட்டா ஃபுல் ஃப்ரேம்ல 75 போட்ட மாதிரி இறுக்கமா தெரியும். நீங்க சுவரோட முதுக ஒட்டி நிக்கிறீங்க, எட்டடி தள்ளி ஆள், அந்த எடத்துல ஃப்ரேமோட அகலம் நாலடிகூட வராது. அதே எடத்துல 24 எம்.எம். போட்டா கிட்டத்தட்ட எட்டடி. கேமராவோட வந்த 18-55ஐ கேவலமா பாக்காதீங்க, 24ல வச்சு ஒரு வாரம் எடுத்துப் பாத்துட்டு அப்புறம் காசு செலவு பண்ணுங்க. ஒய்டு போட்டா மூக்கு பெருசாகும்னு பயப்படாதீங்க, மூக்கு பெருசாகறது நீங்க மூஞ்சிக்கு கிட்ட போறதாலதான், ஆறேழடி தள்ளி நின்னா அந்தப் பிரச்சினை இல்ல.

அபர்ச்சர, அதாவது லென்ஸ் துவாரத்த, 1.8ல அகலமா திறந்து வச்சு எடுக்கற ஆசையையும் கொஞ்சம் அடக்குங்க. ஃபோகஸ் புல்லர் (ஃபோகஸ மட்டும் பாத்துக்கற ஆள்) இல்லாத யூனிட்ல நடிகர் மூச்சு விட்டாலே கண்ணு அவுட் ஆகும். 2.8, 4 போதும்.

பழைய மேனுவல் லென்ஸ் ஆசை இருந்தா சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2, 58 எம்.எம்., ஒரு அடாப்டர் போட்டா மிரர்லெஸ் கேமராவுல உக்காரும். பின்னணில இலையெல்லாம் சுழிச்சுக்கிட்டு நிக்கும், எனக்குப் புடிக்கும், ஆனா படம் முழுக்க அதுலயே எடுத்தா தலை சுத்திரும்.

மத்தியான சீன் வெள்ளையா வெளுத்துப்போச்சு. ஷட்டர 1/2000க்கு ஏத்தினேன், இப்ப நடக்கிறதே வெட்டு வெட்டுன்னு இருக்கு. (ராமநாதபுரம் வாசகர்)

என்.டி. ஃபில்டர் (லென்ஸ் முன்னாடி மாட்டி வெளிச்சத்த குறைக்கிற கறுப்புக் கண்ணாடி) இல்லாம உச்சி வெயில்ல நின்னிருக்கீங்க. கணக்கு பாருங்க, நல்ல வெயில்ல ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/100னா அபர்ச்சர் எஃப் 16 வரும். ஷட்டர 1/50 ஆக்கினா எஃப் 22. உங்களுக்கு வேண்டியது 2.8, அதாவது ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகறது) வெளிச்சத்த வெட்டணும், அதுக்கு என்.டி. 64. லாக் எடுக்கிறவங்களுக்கு பல கேமராவுல ஐ.எஸ்.ஓ. 800க்குக் கீழ இறங்காது, இன்னும் மூணு ஸ்டாப் கூடுதலா வெட்டணும்.

திருகற வேரியபிள் என்.டி. வசதிதான், ஆனா ஒய்டு லென்ஸ்ல கடைசி வரைக்கும் திருகினா நடுவுல பெருக்கல் குறி மாதிரி கறை விழும். உங்க லென்ஸ்லயே பெரிய வாய் எதுக்கு இருக்கோ அந்த சைஸ்ல ஒரே ஒரு ஃபில்டர் வாங்குங்க, சின்ன லென்ஸுக்கெல்லாம் பெரிய ஃபில்டர மாட்ட உதவற ஸ்டெப் அப் ரிங் போதும். ரிங் மாட்டினா பல லென்ஸ்ல ஹூட் (வெயில் மறைக்கற மூடி) உக்காராது, அதுக்கு கறுப்பு சார்ட் பேப்பர வளைச்சு டேப் ஒட்டிக்கங்க, நான் இன்னும் அப்படித்தான் பண்றேன்.