கையில் இருப்பது எத்தனை மாதத்துக்கு வரும்?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 39. பட்டர்வொர்த்தில் அம்மாவோடு இருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு இன்ஜினியர். 15 வருடமாகப் பினாங்குப் பாலம் தாண்டிப் போய் வருகிறேன். போன வருடம் அப்பா தவறிவிட்டார். காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன். அதிலிருந்து சரியான தூக்கம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு லைன் நின்றுவிட்டது என்று போன் வந்தால் கை நடுங்குகிறது. ஒரு வருடம் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கலாமா? சம்பளம் 6,800 வெள்ளி (ரிங்கிட்). எஃப்டியில் (வங்கி நிரந்தர வைப்பில்) 28,000, ஏஎஸ்எம் யூனிட் டிரஸ்டில் 22,000. ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பில் 186,000, அதில் எப்போதும் எடுக்கக்கூடிய ஃப்ளெக்சிபல் கணக்கில் மட்டும் 3,400. தோழிகளோடு மாதாமாதம் பணம் போட்டு, முறை வைத்து எடுக்கும் கூட்டில் 6,000 வர வேண்டும். வீட்டுக் கடன், கார் கடன் உட்பட மாதச் செலவு 3,000. இபிஎஃப்பைத் தொடாமலே 16 மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) ஏதாவது கிடைக்குமா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தங்கச்சி, பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தக் கை நடுக்கம். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் கட்டணம். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 22 நாள் மருத்துவ விடுப்பு சட்டப்படி உண்டு. இந்த 15 வருடத்தில் அதை நீங்கள் எடுத்தே இருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இனி கணக்கு. இபிஎஃப்பைத் தனியாக ஒதுக்கி வைத்தது சரி. கூட்டுப் பணத்தையும் ஒதுக்கிவிடுங்கள். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. சீட்டு எடுத்தவர் ஒருவர் நின்றுபோனால் எங்கே போய்க் கேட்பது? வந்தால் வரட்டும். சொக்சோவின் வேலையிழப்பு உதவி, ஆட்குறைப்பு மாதிரி வேலை பறிபோனவர்களுக்குத்தான். நாமே விரும்பி ராஜினாமா செய்தால் கிடையாது. ஆக உங்கள் கையில் இருப்பது 50,000. ஃப்ளெக்சிபல் கணக்கில் உள்ளதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் அதையும் சேர்த்தால் 53,400.

அந்த 3,000 என்ற எண்தான் எனக்கு உதைக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

2004-இல் நானும் வேலையை விட்டேன். ஜார்ஜ்டவுனில் ஒரு வங்கியில் கவுண்டர் வேலை. அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை. 555 நோட்டு ஒன்று வாங்கி மாதச் செலவை எழுதினேன். அரிசி, மீன், கரண்ட், தண்ணீர், வீட்டு வாடகை, அம்மாவின் மருந்து. கூட்டிப் பார்த்தால் ஒரு வருடம் தாராளமாக வரும் என்று தெரிந்தது. ஏழாவது மாதம் ரோட் டேக்ஸ் வந்தது. அதோடு கார் இன்சூரன்ஸ். முன் டயர் இரண்டும் வழுக்கையாகிவிட்டன. அதே மாதம் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு, வெறும் கையோடு போக முடியுமா? மூன்று வாரத்தில் நாலு செலவு. நோட்டைப் புரட்டினேன், இதில் ஒன்றுகூட எழுதப்படவில்லை. மாதாமாதம் வருவதை மட்டும்தான் எழுதியிருந்தேன். என் இரட்டை வடச் சங்கிலி மாதம் 2 விழுக்காடு வட்டிக்கு அடகுக் கடைக்குப் போனது. அதைவிட வலித்தது அப்புறம் நடந்ததுதான். மறுபடி வேலை தேடியபோது ஒரு அலுவலகத்தில் பழைய சம்பளத்தைவிட 600 வெள்ளி குறைத்துக் கேட்டார்கள். சரி என்று தலையாட்டினேன். இன்னும் இரண்டு மாதம் காத்திருக்கக் கையில் காசு இல்லை. அந்த 600-ஐப் பிடிக்க எனக்கு நாலு வருடம் ஆயிற்று.

அதனால் உங்கள் கணக்கில் வருடத்துக்கு ஒருமுறை வருவதைச் சேர்க்கிறேன். இவை என் ஊகம், உங்கள் ரசீதுகளைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். ரோட் டேக்ஸும் இன்சூரன்சும் 1,400. வீட்டு மதிப்பீட்டு வரி, நிலவரி 450. கார் சர்வீஸ், டயர் 900. தீபாவளி 2,000. கல்யாணம், காதுகுத்து, துக்கம் என்று 1,000. மொத்தம் 5,750, மாதத்துக்குப் பிரித்தால் 480. வேலையை விட்ட அன்றே கம்பெனி தரும் மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்பீடு) போய்விடும். சொந்தமாக ஒன்று எடுத்தால் மாதம் 240 என்று வைப்போம். ஆக 3,000 இல்லை, 3,720.

ஒரு வருடத்துக்கு 44,640. எஃப்டியிலும் ஏஎஸ்எம்மிலும் மீதி 5,360. அதாவது வேலை தேடத் தொடங்கும் நாளில் ஒன்றரை மாதச் சாப்பாட்டுக்குத்தான் காசு இருக்கும். நான் 600 வெள்ளியை விட்டுக்கொடுத்த இடம் அதுதான், தங்கச்சி. உங்களை அங்கே நிற்கவிட எனக்கு மனமில்லை.

வேலை தேட நாலு மாதம் ஒதுக்குங்கள். அவசரத்துக்கு 8,000 தொடாமல் இருக்கட்டும். அப்படியானால் ஒரு வருட ஓய்வுக்கு வேண்டியது 67,520. குறைவது ஏறக்குறைய 14,000. மாதம் 1,400 சேர்த்தால் பத்து மாதத்தில் வந்துவிடும். ஆனால் இந்த உடம்போடு இன்னும் பத்து மாதம் அந்த இரண்டு மணி போனை எடுக்கச் சொல்ல மாட்டேன். எட்டு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டும் நாலும் பன்னிரண்டு, 44,640. ஃப்ளெக்சிபல் பணத்தையும் சேர்த்து 8,760 அப்படியே நிற்கும். இது உங்கள் காசுக்குத் தாங்கும் ஓய்வு.

ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பாருங்கள். அதைத் தர முதலாளிக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால் வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் விண்ணப்பிக்கும் உரிமை 2023 முதல் இருக்கிறது. 60 நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ராத்திரி போன் நின்றாலே உங்கள் பாதி நோய் தீரலாம். மூன்று மாதம் விடுப்பு கிடைத்தால் மெடிக்கல் கார்டு தொடருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விட்டே ஆக வேண்டும் என்றால் போனஸ் கைக்கு வந்த பிறகு கடிதம் கொடுங்கள்.

சொந்த மெடிக்கல் கார்டை வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். புதுக் கார்டுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. படிவத்தில் தூக்கமின்மையை மறைக்க வேண்டாம். பிறகு கிளெய்ம் செய்யும்போது அதுவே வினையாகும்.

எஃப்டி 28,000-மும் ஒரே வைப்புச் சீட்டில் இருக்கிறதா? தவணைக்கு முன் உடைத்தால் வட்டி போகும். நாலாயிரமாக ஏழு சீட்டாகப் பிரித்து, மாதம் ஒன்று முதிரும்படி போடுங்கள். சம்பளம் வருவது போலவே வரும். கை நீளாமலும் இருக்கும்.

இன்னொரு இழப்பும் உண்டு, அது இப்போது கண்ணில் படாது. உங்கள் 11 விழுக்காடும் கம்பெனியின் 12 விழுக்காடும் சேர்ந்து மாதம் 1,564 வெள்ளி இபிஎஃப்புக்குப் போகிறது. எட்டு மாதத்தில் 12,512. திரும்ப வேலைக்குப் போனதும் அதில் கொஞ்சத்தையாவது நீங்களாகவே கட்டிச் சேர்க்கலாம். இபிஎஃப்பின் இன்னொரு பிரிவான செஜாத்தெரா கணக்கிலிருந்து வீட்டுக் கடனின் மாதத் தவணையை எடுக்க வழி இருக்கிறது. அது இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், தொடாமல் சமாளியுங்கள். வருமானம் இல்லாத வருடமும் இ-ஃபைலிங் செய்யத் தவற வேண்டாம். வருடத்தின் நடுவில் வேலையை விட்டால், சம்பளத்தில் பிடித்த வரியில் ஒரு பகுதி திரும்பி வரக்கூடும்.

அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள், மேனேஜரிடம் பிறகு. காலையில் நீங்கள் கிளம்பாமல் உட்கார்ந்திருப்பதை மூன்றாம் நாளே கவனித்துவிடுவார். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையல் முடிந்ததும், நோட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் விரித்து வையுங்கள். நான் விட்டுப்போன செலவு ஏதாவது இருந்தால் அவருக்குத்தான் தெரியும்.