வீட்டு வரி ரசீதில் இருக்கும் ஒரு மனிதர்

பொது வாழ்வில் இருந்தவர்களுள், செய்த பணியின் அளவுக்கு மக்களிடையே அறியப்படாமல் போனவர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். கிளை நூலகராக 24 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் என்பதே என் பதில். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அவரை ‘இந்திய நூலகவியலின் தந்தை’ என்று ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் பட்டத்தைத் தாண்டி அவருடைய வாழ்க்கையைத் தெரிந்தவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை.

அவர் நூலகத்தை நாடி வந்தவர் அல்லர். கணித ஆசிரியராக மங்களூரிலும் கோவையிலும் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்த்தப்பட்டார். ஆளரவமற்ற அந்த அறையில் சில நாள்கள் இருந்ததுமே மனம் ஒப்பாமல், தம்மைப் பழைய வகுப்பறைக்கே அனுப்பிவிடும்படி கல்லூரி முதல்வரிடம் போய் நின்றிருக்கிறார். லண்டனுக்குச் சென்று நூலகப் பயிற்சி பெற்றுத் திரும்பிய பிறகும் பிடிக்காவிட்டால் ஆசிரியர் பணிக்கே வந்துவிடலாம் என்று அப்போது ஏற்பாடானது. அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைப் பார்த்தவர், தொழிலாளரும் பெண்களும் குழந்தைகளும் தமக்கு வேண்டிய புத்தகத்தைத் தாமே எடுத்துப் படிப்பதைக் கண்டார். அதற்குப் பிறகு வகுப்பறையைப் பற்றி அவர் பேசவே இல்லை.

ஊர் திரும்பியதும் நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். புத்தக அடுக்குகளுக்கு இடையே வாசகர்கள் தாமே சென்று தேட அனுமதித்தார். இன்று இது சாதாரணமாகத் தோன்றலாம். இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை நான் பணியில் சேர்ந்த முதல் ஊரில்தான் உணர்ந்தேன். அந்த நூலகத்தில் பாதிப் புத்தகங்கள் பீரோக்களில் பூட்டிக் கிடந்தன. புத்தகம் தொலைந்தால் அதன் விலையை நூலகரின் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்ற அச்சமே அதற்குக் காரணம். அந்த அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பொறுப்பேற்ற இரண்டாவது மாதம் பீரோக்களைத் திறந்து எல்லாவற்றையும் வெளி அடுக்குகளுக்கு மாற்றினேன். வயரிங் வேலை பழகிக்கொண்டிருந்த ஓர் இளைஞர், மாலையில் செய்தித்தாள் பார்க்க வந்தவர், மோட்டாருக்குக் கம்பிச் சுருள் (காயில்) கட்டுவது பற்றிய புத்தகம் ஒன்றை அடுக்கில் பார்த்துவிட்டு, உட்காரவும் தோன்றாமல் நின்றபடியே படித்தார். அதன் கடைசிப் பக்கத்தில், இரவல் தரும்போது திருப்பித் தர வேண்டிய தேதியைக் குத்துவதற்காக ஒட்டியிருந்த தவணைத் தாளில் ஒரு தேதி முத்திரைகூட இல்லை. வாங்கி ஒன்பது ஆண்டுகள் ஆன புத்தகம் அது. அடுத்த நான்கு மாதங்களில் அவரும் அவர் சொல்லி வந்தவர்களுமாக அந்தத் தாளில் ஒரு பத்தியை நிரப்பிவிட்டார்கள்.

‘நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும், நூலகம் வளரும் உயிர்’ என்று ரங்கநாதன் 1931ஆம் ஆண்டு நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளையும் பயிற்சிக் காலத்தில் ஒப்பித்திருக்கிறேன். மூன்றாவது விதியின் பொருள் அந்த முத்திரைகளைப் பார்த்த பிறகே எனக்குப் புரிந்தது.

நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுப்பதற்கு அவர் உருவாக்கிய கோலன் பகுப்பு முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு முன்பிருந்த முறைகள், அறிவுத்துறைகளை முன்கூட்டியே கட்டங்களாகப் பிரித்து வைத்துவிட்டு, ஒவ்வொரு புத்தகத்தையும் ஏதாவது ஒரு கட்டத்துக்குள் வைக்கச் சொல்லின. லண்டன் கடை ஒன்றில், சிறு சிறு துண்டுகளை விதவிதமாக இணைத்துப் புதிய புதிய உருவங்களை உண்டாக்கும் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தபோது ரங்கநாதனுக்கு வேறு வழி தோன்றியது. தஞ்சை வட்டாரத்தில் நெற்பயிருக்கு வரும் நோயைக் கட்டுப்படுத்துவது பற்றி ஒரு நூல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பயிர் எது, அதற்கு என்ன நேர்ந்தது, அதற்கு என்ன செய்கிறார்கள், எந்த இடத்தில், எந்தக் காலத்தில் என்று பொருளைக் கூறுகூறாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய குறியீட்டைக் கொடுத்து, கோலன் போன்ற நிறுத்தக்குறிகளால் இணைத்துவிட்டால் அந்த நூலுக்கே உரிய எண் கிடைத்துவிடும். 1933இல் இது வெளியானது. தேடலுக்குரிய தகவலைக் கூறுகளாகப் பிரிக்கும் இந்தச் சிந்தனை, நூலகங்களுக்கு வெளியே தகவல் தேடும் முறைகளிலும் பின்னாளில் இடம்பெற்றது.

ஆனால் நான் அவரைப் பொது வாழ்வின் மனிதர் என்று சொல்வதற்குக் காரணம் அவர் சட்டத்துக்காகச் செய்த பணி. நன்கொடையையும் நல்லெண்ணத்தையும் மட்டும் நம்பித் தொடங்கப்படும் நூலகம், தொடங்கியவர் காலத்தோடு மூடப்படும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாவதில் முன்னின்றார். 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் புத்தகங்கள் ஊர் ஊராகச் சென்றபோது அந்த முயற்சிக்குத் துணை நின்றார். இவற்றுக்கிடையே 1930ஆம் ஆண்டு காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்தார். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல், சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. இடையில் பதினெட்டு ஆண்டுகள். விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அதுவே. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு, அதற்கு வருவாயாகச் சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரி என்னும் ஏற்பாடு அதன் வழியே வந்தது.

சென்னைப் பல்கலைக்கழகப் பணியை விட்ட பிறகு அவர் காசி, தில்லி, பெங்களூரு என்று பல இடங்களில் பணியாற்றினார், 1957இல் பத்மஸ்ரீயும் 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியும் பெற்றார், 1972இல் காலமானார். இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, நூலகவியலுக்கு மனைவி சாரதாவின் பெயரையும் இணைத்து ஒரு பேராசிரியர் இருக்கையை ஏற்படுத்தியது. ஐம்பதுகளில் ஒரு லட்சம் ரூபாய் என்றால் என்ன என்பதை வயதில் மூத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் இன்று சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்துக் காசு நூலகத்துக்காகச் செலுத்துகிறோம். உள்ளாட்சி அமைப்புகள் வசூலித்த அந்தத் தொகையைக் காலத்தோடு ஆணைக்குழுவிடம் ஒப்படைக்காமல் நிலுவை வைக்கும்போது, முதலில் நின்றுபோவது புதிய புத்தகம் வாங்குவது. அடுத்ததாகப் பருவ இதழ்கள். அப்படிப்பட்ட ஆண்டுகளில் வாசகர்களிடம் பதில் சொல்லும் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த முறை வீட்டு வரி கட்டும்போது ரசீதில் நூலக வரிக்கு எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பார்த்துவிட்டு, உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போய், இந்த ஆண்டு என்னென்ன புதிய நூல்கள் வந்திருக்கின்றன என்று நூலகரிடம் கேளுங்கள். அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்பவர்கள் வந்தால் நூலகருக்கும் மேலிடத்தில் எடுத்துச் சொல்ல ஒரு பிடி கிடைக்கும்.