“ஒரிஜினல் தானே?” – கோழி வளர்ப்போர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 6 கறுப்பு ஆஸ்ட்ரலார்ப் பெட்டைகளும் அதே இனச் சேவல் ஒன்றும் உள்ளன. இதுவரை மற்ற கோழிகளோடு ஒன்றாகத் திரிந்தன. போன ஞாயிற்றுக்கிழமை தனிக் கூண்டுக்கு மாற்றிவிட்டேன். இந்த ஞாயிறு முதல் முட்டைகளைச் சுத்த இனம் என்று சொல்லி விற்கலாமா?

பதில்: வேண்டாம். இன்னும் 2 வாரம் பொறுங்கள். பெட்டையின் முட்டைக் குழாயில் விந்தைச் சேமித்து வைக்கும் நுண்ணிய குழல்கள் இருக்கின்றன. ஒருமுறை இணை சேர்ந்தால் 2 வாரம் வரைக்கும், சில சமயம் 3 வாரம் வரைக்கும்கூட அந்தச் சேவலின் குஞ்சு வரலாம். புதுச் சேவலோடு விட்டால் பழையது போய்விடும் என்பார்கள். பெரும்பாலும் புதியதுதான் முந்தும், உண்மைதான். ஆனால் ‘பெரும்பாலும் சுத்தம்’ என்று சொல்லி முட்டை விற்க முடியுமா?

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, தலை குனிந்து தெரிந்துகொண்டேன். தொழில் தொடங்கிய இரண்டாம் வருடம். அழகுக்காக ஒரு பிரம்மா சேவல் வைத்திருந்தேன். கால் முழுக்க இறகு, ஜமக்காளத்தில் நடப்பதுபோல் மெதுவாக நடக்கும். அதை ஆஸ்ட்ரலார்ப் பெட்டைகளிடமிருந்து பிரித்த ஒன்பதாம் நாள், 12 முட்டைகளை ஓர் அம்மாவுக்குக் கொடுத்தேன். குஞ்சு பொரித்த அன்று சாயங்காலம் போன் வந்தது. “தம்பி, குஞ்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அஞ்சு குஞ்சுக்குக் கால்ல முடி இருக்கே, இந்த ஜாதிக்கு அப்படி உண்டா?”

உண்டு என்று சொல்லிவிட ஒரு நொடி நாக்கு வந்தது. ஆஸ்ட்ரலார்புக்குக் கால் வழுவழுவென்று இருக்க வேண்டும். கால் இறகு தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடம் இருந்தாலே குஞ்சில் தெரிந்துவிடும் குணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த மாதம் 12 முட்டைகளைச் சும்மா கொடுத்தேன். அந்த அம்மா இன்றைக்கும் என்னிடம்தான் வாங்குகிறார். ஆனால் குஞ்சைக் கையில் எடுத்ததும் முதலில் காலைத்தான் பார்க்கிறார்.

ஒருவகையில் நான் அதிர்ஷ்டசாலி. தப்பு செய்த சேவலுக்குக் காலில் இறகு இருந்தது, மாட்டிக்கொண்டேன். வழுவழுப்பான காலும் ஒற்றைக் கொண்டையும் கொண்ட ஏதாவது ஒரு கறுப்புக் கலப்புச் சேவலாக இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தக் குஞ்சுகளும் சுத்த இனம் என்ற பெயரிலேயே வளர்ந்து, முட்டையிட்டு, இரண்டு தலைமுறை தாண்டி யாரோ ஒருவர் வீட்டில் விதவிதமாகப் பொரித்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத கலப்புதான் மோசம்.

அதனால் கூண்டுக் கதவில் ஒரு அட்டையை மாட்டி, பிரித்த தேதியை எழுதுங்கள். 21 நாள் முடியும் வரை வரும் முட்டையெல்லாம் சமையலறைக்கு.

கேள்வி: நீல ஆண்டலூசியன் சேவலும் பெட்டையும் நல்ல விலை கொடுத்து வாங்கினேன். 16 குஞ்சு பொரித்ததில் 7தான் நீலம். 5 கறுப்பு, மீதி 4 அழுக்கு வெள்ளையில் திட்டுத் திட்டாக இருக்கின்றன. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. பதினாறும் நீலமாக வந்திருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.

இந்த நீலம் தனி நிறமல்ல. கறுப்பை மங்க வைக்கும் மரபணு ஒன்று உண்டு. அது ஒரு பங்கு வந்தால் நீலம், இரண்டு பங்கு வந்தால் திட்டு வெள்ளை, வராவிட்டால் கறுப்பு. நீலத்தோடு நீலம் சேர்ந்தால் சராசரியாகப் பாதி நீலம், கால் பங்கு கறுப்பு, கால் பங்கு திட்டு வெள்ளை. 16 குஞ்சில் 8, 4, 4 வர வேண்டும். உங்களுக்கு 7, 5, 4. இதைவிடப் பக்கத்தில் வராது!

குஞ்செல்லாம் நீலமாகவே வேண்டுமென்றால் வழி இருக்கிறது: கறுப்போடு திட்டு வெள்ளையைச் சேருங்கள். நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் அந்த ஒன்பதும்தான் அதற்கு முதல், அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். செடிகளில் மெண்டல் கண்ட விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று 1902-இல் வில்லியம் பேட்சன் காட்டியதே கோழிகளை வைத்துத்தான். அவர் எண்ணிப் பார்த்தது கொண்டையை, நீங்கள் எண்ணியது நிறத்தை.

ஒரு குறை மட்டும் சொல்லலாம். விற்றவர் இதை முன்னாலேயே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் விற்கும்போது சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கடக்நாத் முட்டை வெளிர் நிறத்தில் இருக்கிறது. கறுப்பு முட்டை போட்டால்தான் ஒரிஜினல் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

பதில்: கறுப்பு முட்டை போடும் கோழியே கிடையாது. கடக்நாத்தின் தோல், சதை, நாக்கு, எலும்பின் மேலுறை வரைக்கும் கறுப்பேறும். முட்டை ஓடு மட்டும் இளம் பழுப்பு, அல்லது பால் நிறம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: கலப்புக் குஞ்சுகள் பலவற்றுக்கும் தோல் கறுத்தே வரும். வாயைத் திறந்து நாக்கைப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்காதீர்கள், தாய் தகப்பனைப் பாருங்கள்.

கேள்வி: நானும் கணவரும் கணக்குப் போட்டுவிட்டோம். இன்குபேட்டரில் மாதம் 100 முட்டை, 100 குஞ்சு. நாங்கள் எதையாவது விட்டுவிட்டோமா?

பதில்: எதையுமே சேர்க்கவில்லையே, சகோதரி.

என் நோட்டிலிருந்து ஒரு தவணையை அப்படியே எழுதுகிறேன். மோசமான தவணை அல்ல, நல்ல தவணைதான். வைத்த முட்டை 100. ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்ததில் கூமுட்டை 14, ரத்த வளையம் கட்டி நின்றுபோனவை 3. பதினெட்டாம் நாள் இன்னும் 5 போயின. மீதி 78-இல் பொரித்தது 69. முதல் வாரத்தில் 4 போய், நிலைத்தது 65. வளர்ந்த பிறகு பார்த்தால் 34 சேவல், 31 பெட்டை. அதில் இனப்பெருக்கத்துக்குத் தேறியவை 11 பெட்டையும் 3 சேவலும். மற்றவற்றில் ஒன்றுக்குக் கொண்டை சாய்ந்திருந்தது, ஒன்றுக்கு விரல் வளைந்திருந்தது, பலவற்றுக்கு உடம்பே போதவில்லை.

அந்த 14-தான் உங்கள் சரக்கு. மீதியைச் சாதாரண வீட்டுக்கோழி விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். ‘கொஞ்சம் குறை இருந்தாலும் சுத்த இனம்தானே’ என்று எல்லாவற்றையும் ஒரே விலைக்குத் தள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் நன்றாகத்தான் ஓடும்.

சேவல் பாதிக்குப் பாதி வரும் என்பதைத்தான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் மறக்கிறார்கள். தின்பதில் அதற்கு வஞ்சனையே கிடையாது. ஒருநாள் குஞ்சாகவே, ஆண் பெண் பிரிக்காமல், பிரிக்கவில்லை என்று சொல்லியே பெரும்பகுதியை விற்றுவிடுங்கள். ஆனால் ஒவ்வொரு தவணையிலும் ஒரு பத்துப் பதினைந்து குஞ்சையாவது கடைசிவரை வளர்த்துப் பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் எதை விற்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது.

தீவனச் செலவு: நடுத்தர உடம்புள்ள பெட்டை நாளுக்கு 110 முதல் 120 கிராம் தின்னும். இறகு உதிர்க்கும் மாதங்களில் முட்டை நின்றுவிடும், வாய் நிற்காது. அப்புறம், முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகளுக்குப் போட்டு மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஓட்டுக்காக அதில் சேர்க்கும் அதிகப்படி சுண்ணாம்புச்சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கேள்வி: ஒரே குடும்பத்துக் கோழிகளை வைத்து நாலு வருடமாகக் குஞ்சு எடுக்கிறேன். பொரிப்பு குறைந்துகொண்டே வருகிறது. வெளியிலிருந்து சேவல் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: சரியாகலாம். ஆனால் அந்தச் சேவல் யார் வீட்டுப் பிள்ளை என்பது தெரிய வேண்டும். வாங்கினாலும் ஒரு மாதம் தள்ளித் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள். நோயைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் நிறையப் பேர்.

நிரந்தர வழி வேறு. கோழிகளை 3 கூண்டாகப் பிரியுங்கள். மகள்கள் தாய் இருக்கும் கூண்டிலேயே இருக்கட்டும். மகன்கள் வருடா வருடம் அடுத்த கூண்டுக்குப் போகட்டும்: ஒன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து மூன்றுக்கு, மூன்றிலிருந்து ஒன்றுக்கு. அண்ணன் தங்கை சேர வாய்ப்பே இல்லை. கூண்டுக்கு ஒரு நிறம் வைத்துக் காலில் வளையம் போடுங்கள். ‘எனக்கு எல்லாக் கோழியும் அடையாளம் தெரியும்’ என்று சொல்லாதீர்கள், நானும் சொன்னவன்தான்.

கேள்வி: அடைமுட்டையைப் பார்சலில் அனுப்பினேன். 12-இல் 3தான் பொரித்ததாம். பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். கொடுக்க வேண்டுமா?

பதில்: முட்டை என்றைக்குப் போட்டது என்று நீங்கள் எழுதவில்லையே. ஒரு வாரத்துக்கு மேல் பழசாகிவிட்டால் நாளுக்கு நாள் பொரிப்பு குறையும். புதிதாகவே அனுப்பினாலும் வழியில் குலுங்கியிருக்கும். கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டுத்தான் மெஷினில் வைக்க வேண்டும். பார்சலைப் பிரித்த கையோடு அவர் வைத்திருந்தால் உங்கள் முட்டையைக் குறை சொல்ல முடியாது.

நான் என்ன செய்கிறேன் என்றால், பார்சல் அனுப்பும் அன்று அதே கூடையிலிருந்து 6 முட்டைகளை என் மெஷினிலும் வைத்துவிடுவேன். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வாங்கியவருக்குப் போன் செய்வேன். என் ஆறிலும் கரு ஓடியிருந்தால் பிரச்சினை வழியிலோ அவருடைய மெஷினிலோ இருக்கிறது. உட்கார்ந்து பேசிக் கண்டுபிடிக்கலாம். என் ஆறிலேயே நாலு கூமுட்டை என்றால், அவர் கேட்பதற்கு முன்னால் நானே பணத்தை அனுப்பிவிட்டுச் சேவலைப் போய்ப் பார்ப்பேன்.