மூணு பேர் வேலை பார்க்கும் கடைக்கு எந்த இலவச சிஆர்எம் சரிவரும்?

கேட்டிருந்தது இது: "திருமங்கலத்தில் இன்வெர்ட்டர், பேட்டரி விற்பனையும் சர்வீஸும் செய்கிறோம். நான், கூட இரண்டு பையன்கள். 600 வாடிக்கையாளர் இருப்பார்கள். விவரமெல்லாம் நோட்டிலும் என் போனிலும் கிடக்கிறது. காசு கட்டாமல் பயன்படுத்த நல்ல சிஆர்எம் எது?"

சிஆர்எம் என்றால் வாடிக்கையாளர் விவரங்களையும் அவர்களோடு நடந்த வேலைகளையும் ஓரிடத்தில் வைத்துக்கொள்ளும் மென்பொருள். பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அளவுக்கு ஜோஹோ சிஆர்எம்மின் இலவசப் பதிப்பு போதும். மூன்று பேர் வரை தனித்தனி லாகின் தருகிறார்கள். ஆனால் அதில் கணக்குத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் கூகுள் ஷீட்டில் எழுதிப் பழகுங்கள். ஏன் என்று சொல்லத்தான் மீதியை எழுதுகிறேன்.

நான் மதுரை காளவாசல் பக்கம் ஆர்.ஓ. வாட்டர் பியூரிஃபையர் கடை வைத்திருக்கிறேன். உங்கள் தொழிலுக்கும் என் தொழிலுக்கும் அடிப்படை ஒன்றுதான்: மெஷினை மாட்டிவிட்டு வந்தபிறகும் வருடக்கணக்கில் அந்த வீட்டுக்குப் போய்வர வேண்டும். எங்கள் வாடிக்கையாளர் வீடுகளில் போர் தண்ணீரின் டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, மில்லிகிராமில்) ஆயிரத்தைத் தாண்டுவது சகஜம். குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கணக்கு. அப்படித் தண்ணீர் வருகிற வீட்டில் ஆறே மாதத்தில் செடிமென்ட் ஃபில்டர் பழுப்பேறி அடைத்துக்கொள்ளும். நாங்கள் தேதியை மறந்தால் அந்த வீட்டில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் விழும்.

ஆரம்பத்தில் எல்லாம் நீல அட்டை போட்ட நீள நோட்டில்தான். விளாங்குடியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எங்களிடம் ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டிருந்தார். வருடத்துக்கு மூன்று சர்வீஸ். இரண்டாவது சர்வீஸ் நோட்டின் பழைய பக்கத்திலேயே தங்கிவிட்டது. பக்கம் புரட்டியபிறகு அதை யாரும் பார்க்கவில்லை. சில மாதம் கழித்து ரினியூவலுக்காக நானே போன் செய்தேன். "காசு வாங்கணும்னா கரெக்டா கூப்பிடுறீக தம்பி. தண்ணி வரலன்னு நான் மூணு தடவ கூப்பிட்டேன், வர்றேன் வர்றேன்னுட்டு யாருமே வரலையே" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. அவர் சொல்லித்தான் அதே தெருவில் நாலு வீட்டில் எங்கள் மெஷின் ஓடுகிறது. அன்றைக்கு ராத்திரி கடையைப் பூட்டாமல் உட்கார்ந்து நோட்டை முழுக்கப் புரட்டினேன். தேதி தாண்டிப்போன வீடுகள் 41 இருந்தன.

பெயர், போன் நம்பர், ஏரியா, மாடல், மாட்டிய தேதி எல்லாமே நோட்டில் ஒழுங்காகத்தான் இருந்தன. 'அடுத்து எப்போது' என்று ஒரு கட்டம் மட்டும் இல்லை. சிஆர்எம் என்று விற்கிற எல்லாவற்றிலும் நம்மைப் போன்ற சர்வீஸ் கடைக்கு உயிர் அந்த ஒரு கட்டம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பைப்லைன், லீட் ஸ்கோர், டாஷ்போர்டு என்று எதைக் காட்டினாலும், "இன்றைக்கு யாரைக் கூப்பிட வேண்டும்?" என்ற கேள்விக்குக் காலையில் பதில் தருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அதனால்தான் கூகுள் ஷீட்டில் தொடங்கச் சொல்கிறேன். ஒரு வரிக்கு ஒரு வாடிக்கையாளர். மாட்டிய தேதியோடு ஆறு மாதத்தைக் கூட்டித் தர 'இடேட்' என்ற ஃபார்முலா இருக்கிறது. தேதி தாண்டிய வரி தானாகச் சிவப்பாகும்படி செய்துவிடலாம். போனிலேயே திறக்கலாம், பையன்களும் பார்க்கலாம். எங்கள் கடையில் ஒன்றரை வருடம் இதுவே ஓடியது, நன்றாகவே ஓடியது.

உண்மையான வேலை, போனில் இருக்கும் நம்பர்களைச் சுத்தம் செய்வது. இதற்கு நேரம் ஒதுக்காமல் எந்த மென்பொருளுக்குப் போனாலும் குப்பை அங்கேயும் கூடவே வரும். என் போனில் 'முருகேசன்', 'முருகேசன் சார் ஆனையூர்', 'ஆர்.ஓ. முருகேசன் புதுசு' என்று மூன்று இருந்தன. மூன்றும் ஒரே ஆள், இரண்டு நம்பர். ஒன்றில் முன்னால் பூஜ்யம், இன்னொன்றில் 91. கடையில் கணக்குப் பார்க்கும் அக்காவும் நானும் கடை சாத்தியபிறகு தினம் ஒரு மணி நேரமாக மூன்று வாரம் உட்கார்ந்தோம். அப்போது வைத்துக்கொண்ட விதி இன்றைக்கும் மாறவில்லை: வாடிக்கையாளருக்கு அடையாளம் பத்து இலக்க போன் நம்பர், பெயர் இல்லை. ஒருவர் தமிழில் 'செல்வி' என்று அடிப்பார், இன்னொருவர் ஆங்கிலத்தில் அடிப்பார், தேடினால் சிக்காது. நம்பரைப் போட்டால் யார் அடித்திருந்தாலும் வந்துவிடும். எக்செல்லில் ஏற்றும்போது நம்பர் கட்டத்தை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகும், கட்டம் சின்னதாக இருந்தால் நம்பரே புள்ளி வைத்த வேறு ஏதோ எண்ணாகத் தெரியும்.

ஷீட் எப்போது போதாமல் போகும்? நாலைந்து பேர் ஒரே நேரத்தில் திருத்தும்போதும், ஒரு வீட்டின் பழைய கதை முழுவதும் ஓரிடத்தில் வேண்டும்போதும். எங்களுக்கு இரண்டாவதுதான் காரணம். டெக்னீசியன் போகிற வீட்டில் உள்ளே வரும் தண்ணீரின் டிடிஎஸ், வெளியே வரும் தண்ணீரின் டிடிஎஸ் இரண்டையும் எடுக்கிறார். போன தடவை 60 காட்டிய வெளித் தண்ணீர் இந்தத் தடவை 150 காட்டினால் மெம்பரேன் (உப்பைப் பிரிக்கும் சவ்வு) போகப்போகிறது என்று அர்த்தம். இதை வரிசையாகப் பார்க்க முடிந்தால், மெம்பரேன் செலவை ஒரு சர்வீஸுக்கு முன்பே அந்த வீட்டில் சொல்லிவைக்கலாம். திடீரென்று போய்ப் பெரிய தொகை கேட்கிற சங்கடம் இரண்டு பக்கமும் இருக்காது.

இடையில் ஒரு தப்பும் நடந்தது. ஜோஹோவுக்கு வருவதற்கு முன்னால் வேறொரு செயலியில் எல்லாவற்றையும் ஏற்றியிருந்தோம். ஒருநாள் இலவசத் திட்டத்தை நிறுத்துகிறோம் என்று மின்னஞ்சல் வந்தது, முப்பது நாள் கெடு. தரவை இறக்கிப் பார்த்தால் பெயரும் நம்பரும் மட்டும் வந்தன, அக்கா அடித்து வைத்த குறிப்புகள் ஒன்றும் வரவில்லை. அதனால் சொல்கிறேன், எந்த மென்பொருளாக இருந்தாலும் முதல் நாளே பத்துப் பேரை ஏற்றி, குறிப்போடு சேர்த்து ஒரு கோப்பாகத் திரும்ப இறக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு மீதியை ஏற்றுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜோஹோவின் சிறு கடைகளுக்கான பிகின் பழக எளிது, ஆனால் அதன் இலவசத் திட்டம் ஒரே ஆளுக்கு, 500 பதிவு வரைதான். உங்கள் 600 பேர் அதில் அடங்க மாட்டார்கள். சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸின் ஃப்ரெஷ்சேல்ஸ் மூன்று பேருக்கு இலவசம்; நாள் முழுக்கப் புது ஆட்களிடம் பேசி விற்கிற தொழிலுக்கு நல்லது. அமெரிக்க நிறுவனமான ஹப்ஸ்பாட்டின் இலவசப் பதிப்பு, இணையதளம் வழியாக விசாரணை வருகிறவர்களுக்குப் பொருந்தும். சூட்சிஆர்எம், எஸ்போசிஆர்எம் இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள், அதாவது இலவசமாக எடுத்து நம் சர்வரிலேயே போட்டுக்கொள்ளலாம். ஆள் கணக்கு, பதிவுக் கணக்கு எதுவும் இல்லை, தரவு முழுவதும் உங்கள் கையில். ஆனால் சர்வர் வாடகை கட்ட வேண்டும், பேக்கப் எடுக்கவும் அப்டேட் போடவும் தெரிந்த ஆள் வேண்டும். அப்படி ஒரு தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால் தாராளமாகப் போங்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பை எப்படியும் வைத்திருப்பீர்கள். லேபிள், ரெடி பதில், கேட்டலாக் எல்லாம் அருமையான வசதிகள். அதையே பதிவேடாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். பிராட்காஸ்ட் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான், அதுவும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கே போய்ச் சேரும். "அனுப்பினேனே" என்று நாம் இருப்போம், அங்கே வந்தே இருக்காது.

எங்கள் நடைமுறையைச் சொன்னால் உங்களுக்கு உதவும். மூன்று லாகினில் ஒன்று எனக்கு, ஒன்று அக்காவுக்கு, ஒன்று சீனியர் டெக்னீசியனுக்கு. ஒரே லாகினை எல்லோரும் பகிர்ந்துகொள்ள நான் விடுவதில்லை, யார் எதை மாற்றினார்கள் என்று தெரியாமல் போய்விடும். காலை ஒன்பதரைக்கு அக்கா அன்றைய டாஸ்க் பட்டியலைத் திறந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார். "அண்ணே, ஃபில்டர் மாத்தி ஆறு மாசமாச்சு, நாளைக்கு வரட்டா?" அவ்வளவுதான். மற்ற டெக்னீசியன்கள் மீட்டர் ரீடிங்கையும் மாற்றிய பொருளையும் போட்டோ எடுத்து அனுப்ப, அக்கா அந்த வாடிக்கையாளரின் குறிப்பில் ஏற்றி, அடுத்த தேதியைப் போட்டுவிட்டுத்தான் அந்த வேலையை முடிக்கிறார். அடுத்த தேதி இல்லாமல் எந்த வேலையும் முடிந்ததாகக் கணக்கில்லை. இந்தப் பழக்கம் ஒட்ட இரண்டு மாதம் ஆனது. மென்பொருள் எளிது, இது கஷ்டம்.

இன்னொன்று: வீட்டு விலாசமும் போன் நம்பரும் நம்மை நம்பித் தருகிறார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே நிறைவேறிவிட்டது. வேலையை விட்டுப் போகிற பையனின் லாகினை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். பட்டியலை யாருக்கும் கொடுக்காதீர்கள், எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும்.

உங்களுக்கு நான் சொல்வது, 600 பேரையும் ஒரே மூச்சில் ஏற்ற வேண்டாம். பில் புத்தகத்தை எடுத்து, பேட்டரி வாரண்டி வருகிற ஆறு மாதத்துக்குள் முடிகிறவர்களை மட்டும் முதலில் ஷீட்டில் எழுதுங்கள். நூறு பேர்கூட வராது. போன் நம்பர், பேட்டரி சீரியல் நம்பர், வாரண்டி முடியும் தேதி, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிய தேதி, ஹைட்ரோமீட்டர் ரீடிங் (பேட்டரி அமிலத்தின் அடர்த்தி), அடுத்து போக வேண்டிய தேதி. அவர்களை இந்த மாதமே கூப்பிடுங்கள். மற்றவர்களை, போன் வரும்போதும் சர்வீஸுக்குப் போகும்போதும் ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொள்ளலாம். ஷீட் பழகியபிறகு ஜோஹோவில் ஏற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அதில் எங்காவது சிக்கினால் இங்கேயே கருத்தில் கேளுங்கள், கடை சாத்தியபிறகு பார்த்துப் பதில் எழுதுகிறேன்.